உருளும் பந்தும் எர்த் கம்பியும்: ஆர்கேட் டிராக்பாலில் நிலைமின்சாரம்

குளிர்காலத்தில் மட்டும் தலைகாட்டும் பழுது ஒன்று டிராக்பால் வைத்த ஆர்கேட் இயந்திரங்களில் உண்டு. வட அமெரிக்காவின் மதுக்கூடங்களிலும் பவுலிங் அரங்குகளிலும் கோடை முழுக்க ஒழுங்காக ஓடிய இயந்திரம், வெளியே பனி கொட்டி உள்ளே ஹீட்டர் போட்டதும் தடுமாறத் தொடங்கும். ஆடுபவர் கம்பள விரிப்பில் நடந்து வந்து பந்தின் மேல் கை வைப்பார். திரையில் குறி தானாக ஒரு பக்கம் எகிறும். அல்லது ஆட்டம் பாதியில் அறுந்து முதல் திரைக்குப் போய் நிற்கும். சில நேரம் பந்தை எந்தப் பக்கம் உருட்டினாலும் அசைவே இருக்காது. ஒருமுறை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும். மெக்கானிக் வந்து திறந்து பார்க்கும்போது எல்லாம் நன்றாகவே இருக்கும்.

இதற்குத் தொழிலில் வழக்கமாகச் சொல்லும் விடை "எர்த் கொடு" என்பது. தவறான விடை அல்ல, பாதி விடை. எந்தப் பாகத்துக்கு எர்த், எந்த வழியாக, எங்கே போய்ச் சேர என்று கேட்காமல் கொடுத்த கம்பி பழுதை அப்படியே விட்டுவைக்கும். சில நேரம் கூட்டியும் விடும். டிராக்பாலில் மின்னூட்டம் சேர்வது ஓரிடத்தில் அல்ல. ஆடுபவரின் உடலில் ஒன்று, பந்தின் மேற்பரப்பில் ஒன்று, பந்தைத் தாங்கும் எஃகு உருளைகளில் ஒன்று என மூன்று இடங்களில் அது சேர்கிறது. மூன்றின் இயல்பும் வேறு, தீர்வும் வேறு. மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் இந்தப் பழுதைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான ஆலோசனைகள் இத்தனை காலமாகப் புழங்கி வருகின்றன என்பது என் கருத்து.

டிராக்பால் விளையாட்டுக்காகப் பிறந்த கருவி அல்ல. 1946இல் பிரிட்டனில் ரால்ஃப் பெஞ்சமின், ரேடார் திரையில் குறியை நகர்த்துவதற்காக உருளும் பந்து ஒன்றை வடிவமைத்தார். 1952இல் கனடாக் கடற்படையின் டேட்டார் திட்டத்தில் அந்நாட்டுப் பவுலிங் ஆட்டமொன்றின் பந்தையே எடுத்து டிராக்பாலாக்கினார்கள். ஆர்கேட் கூடங்களில் அது பரவியது 1978இல் வந்த அடாரி ஃபுட்பாலுக்குப் பிறகு. 1980இல் மிசைல் கமாண்ட், 1981இல் டோனா பெய்லியும் எட் லாகும் உருவாக்கிய சென்டிபீட், 1984இல் மார்க் செர்னியின் மார்பிள் மேட்னஸ் என வரிசை நீண்டது. 1989இல் இன்கிரெடிபிள் டெக்னாலஜீஸ் வெளியிட்ட கோல்டன் டீ என்ற கோல்ஃப் ஆட்டமும் அதன் வாரிசுகளும் டிராக்பாலை அமெரிக்க மதுக்கூடங்களில் இன்றுவரை வைத்திருக்கின்றன. கோல்ஃப் அடியின் வேகத்துக்காகப் பந்தை உள்ளங்கையால் ஓங்கித் தள்ளுவார்கள். கை பந்தின் மேல் வழுக்கி ஓடும். நிலைமின்சாரம் உண்டாக இதைவிடத் தோதான செயல் வேண்டியதில்லை.

கருவியின் உள்ளே பார்ப்போம். கறுப்பு பிளாஸ்டிக் கூட்டின் மேல்மூடியைக் கழற்றிப் பந்தை எடுத்துவிட்டால் அடியில் மூன்று தாங்கிகள் தெரியும். அவற்றில் இரண்டு, ஒன்றுக்கொன்று செங்குத்தாகக் கிடக்கும் எஃகு உருளைகள். மூன்றாவது, மூலையில் பந்துக்கு முட்டுக்கொடுக்கும் சிறிய பேரிங். ஒவ்வொரு உருளையின் இரு முனைகளிலும் விரல் நுனி அளவு பேரிங்குகள். அவை பிளாஸ்டிக் கூட்டில் வெட்டிய பள்ளங்களில் உட்கார்ந்திருக்கும். ஒரு முனையில் மட்டும் ஓரமெல்லாம் பிளவு வெட்டிய சிறு வட்டு ஒன்று இருக்கும். வட்டின் இருபுறமும் கவட்டை போல நிற்கும் ஒளி உணரி: ஒரு பக்கம் எல்.இ.டி., மறுபக்கம் ஒளி டிரான்சிஸ்டர். வட்டு சுழலும்போது ஒளி விட்டு விட்டு மறைகிறது. அப்படி விட்டு விட்டு வரும் ஒளித்துடிப்புகளை எண்ணினால் பந்து எவ்வளவு உருண்டது என்று தெரியும். திசை தெரிவதற்காக ஒவ்வொரு அச்சுக்கும் இரண்டு உணரிகள், ஒரு துடிப்பின் கால் பங்கு முன்பின்னாக அமையும்படி தள்ளி வைக்கப்பட்டிருக்கும். ஆக 5 வோல்ட் ஒன்று, பொதுக் கம்பி ஒன்று, சமிக்ஞைக் கம்பிகள் நான்கு என்று ஆறு கம்பிகள் வெளியே வருகின்றன.

வட்டுக்கும் உணரிக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இடைவெளி. ஒளி வழியாக எண்ணுவதால் அசையும் பாகத்துக்கும் மின்சுற்றுக்கும் தொடர்பே இல்லை என்று தோன்றும். காற்றின் தாங்கும் திறன் மில்லிமீட்டருக்கு சுமார் 3,000 வோல்ட். உருளையில் அதற்கு மேல் மின்னழுத்தம் ஏறினால் பொறி தாண்டிக் குதிக்கப் போகும் முதல் இடம் அந்த உணரிதான்.

மின்னூட்டம் எங்கிருந்து வருகிறது? ஜெர்மனியின் மாக்டெபர்க் நகர மேயராக இருந்த ஓட்டோ ஃபான் கெரிக்கே, கந்தகத்தை உருக்கி வார்த்த ஓர் உருண்டையை அச்சில் பூட்டி, சுழற்றிக்கொண்டே உலர்ந்த கையால் தேய்த்தார். உருண்டை இறகுகளை இழுத்தது, சடசடத்தது. 1672இல் வெளிவந்த தம் நூலில் அவர் இதை விவரித்திருக்கிறார். நிலைமின்சாரத்தை வேண்டும்போது உண்டாக்கித் தந்த முதல் கருவி என்று அந்த உருண்டையைச் சொல்வதுண்டு. கடத்தாப் பொருளில் வார்த்த உருண்டை, சுழற்சி, அதன் மேல் மனிதக் கை: டிராக்பாலில் இருப்பதும் இவைதான். இன்னொரு கருவியையும் இங்கே நினைக்க வேண்டும். 1929இல் ராபர்ட் வான் டி கிராஃப் செய்த மின்னாக்கியில், கடத்தாப் பட்டை ஒன்று மின்னூட்டத்தைச் சுமந்து போய் ஓர் உலோகக் கோளத்தில் சேர்க்கும். டிராக்பாலின் மேற்பாதி ஆடுபவரின் கையில் இருக்கிறது, கீழ்ப்பாதி உருளைகளின் மேல் இருக்கிறது. கை உரசியதால் ஏறிய மின்னூட்டத்தைப் பந்து அரைச்சுற்றில் இயந்திரத்துக்குள் கொண்டுபோய் உலோக உருளையிடம் விடுகிறது. பொத்தானும் ஜாய்ஸ்டிக்கும் இப்படிச் செய்வதில்லை. அவற்றின் பிளாஸ்டிக் உடல் கைக்கும் சுற்றுக்கும் நடுவே சுவராக நிற்கும். டிராக்பாலில் சுவர் எழுப்ப முடியாது. பந்து உருள வேண்டுமானால் அதைச் சுற்றி இடைவெளி இருந்தே தீரும்.

ஏன் குளிர்காலத்தில் மட்டும்? வெளியே பூஜ்யத்துக்குக் கீழே 10 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே காற்றை உள்ளே இழுத்து 21 டிகிரிக்குச் சூடாக்கினால் அதிலுள்ள நீராவி கூடுவதில்லை, காற்று ஏற்கக்கூடிய அளவுதான் கூடுகிறது. கணக்குப் போட்டால் உள்ளே ஈரப்பதம் 10 சதவீதத்துக்கும் கீழே விழுகிறது. நிலைமின் பாதுகாப்புக் கையேடுகளில் பல பத்தாண்டுகளாக அச்சாகிவரும் ஓர் அட்டவணை, ஈரப்பதம் 10 முதல் 20 சதவீதமாக இருக்கையில் கம்பள விரிப்பில் நடப்பவர் உடலில் 35,000 வோல்ட் வரை ஏறலாம் என்கிறது. 65 சதவீதத்துக்கு மேல் போனால் அதே நடைக்கு 1,500 வோல்ட்தான். வினைல் தரையில் 12,000 வோல்ட் 250 ஆகக் குறைகிறது. சென்னை போன்ற கடலோர ஊரில் வளர்ந்தவர்களுக்குக் கதவுப்பிடியைத் தொட்டதும் சுரீரென்று அடிக்கும் அனுபவம் அதிகம் வாய்க்காததற்குக் காரணம் இதுவே.

மனித உடல் சுமார் 100 பிகோஃபாரட் மின்தேக்கி என்று கணக்கிடுவது வழக்கம். 10,000 வோல்ட்டில் அதில் தங்கும் ஆற்றல் 5 மில்லிஜூல். கை சற்றே வலிக்கும் அளவு, அவ்வளவுதான். 3,000 வோல்ட்டுக்குக் கீழே பாய்ந்தால் பெரும்பாலோருக்கு உணர்வே இருக்காது. ஆனால் மின்னணுச் சில்லுக்கு அதில் பத்தில் ஒரு பங்கே தீங்காக முடியலாம். எனவே ஆடியவர் ஷாக் அடித்ததாகச் சொல்லவில்லை என்பதை வைத்து நிலைமின்சாரம் காரணமல்ல என்று முடிவுகட்டுவது பிழை.

இனி மூன்று சேமிப்பிடங்களையும் தனித்தனியே எடுத்துக்கொள்ளலாம். உடலில் சேர்ந்தது அளவில் மிகப் பெரியது, ஆனால் கையாள்வதற்கு எளியது. மனித உடல் கடத்தி. எந்த உலோகத்தை முதலில் தொடுகிறதோ அங்கே மொத்தமும் இறங்கிவிடும். ஆகவே கை பந்தைத் தொடுவதற்கு முன்னால் தொடும் உலோகம் எர்த் ஆகியிருக்க வேண்டும். உலோகக் கட்டுப்பாட்டுப் பலகையும், பந்தைச் சுற்றி வளையமாகத் தெரியும் உலோகத் தகடும் அழகுக்காக மட்டும் இல்லை. முறையாக எர்த் கொடுத்த தகடு, பந்தின் இடைவெளிக்குள் நுழையப் பார்க்கும் பொறியை வாசலிலேயே வாங்கிக்கொள்ளும். அதே தகடு எர்த் இல்லாமல் மரப்பலகையில் வெறுமனே திருகப்பட்டிருந்தால் நிலைமை தலைகீழ். கையிலிருந்து பெரிய பொறியை வாங்கி, அடியில் உள்ள சுற்றுப்பலகைக்கு இன்னும் நெருக்கமான இடத்திலிருந்து மறுபடி பாயவிடும். எர்த் இல்லாத உலோகத் தகட்டைவிட உலோகமே இல்லாமலிருப்பது மேல் என்பேன்.

பந்து வேறு வகை. பீனாலிக் பிசினோ பாலியெஸ்டர் பிசினோ, பந்து கடத்தாப் பொருள். அதற்கு எர்த் கொடுக்கவே முடியாது. ஓரிடத்தைத் தொட்டால் அந்த இடத்து மின்னூட்டம் மட்டும் போகும். மற்றவை இருந்த இடத்திலேயே இருக்கும். காலம்தான் அதைக் கரைக்கும். எவ்வளவு காலம் என்பது பொருளைப் பொறுத்தது. மின்தடைமையையும் மின்காப்பு மாறிலியையும் பெருக்கினால் மின்னூட்டம் மூன்றில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரம் கிடைக்கும். மின்தடைமை 10 பில்லியன் ஓம்-மீட்டர் என்றால் அது அரை நொடிக்கும் குறைவு. அதைவிட நூறு மடங்கு என்றால் அரை நிமிடத்துக்கு மேல். பத்தாயிரம் மடங்கு என்றால் கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். பீனாலிக் வகைகள் பொதுவாக இந்த வரிசையின் கீழ்ப்பக்கமும், தெளிவான வார்ப்புப் பிசின்கள் மேல்பக்கமும் வருகின்றன. தோற்றத்தில் ஒன்றுபோல இருக்கும் இரண்டு பந்துகளில் ஒன்று தொல்லை தராது, இன்னொன்று தரும் என்பதற்கு இது போதுமான விளக்கம். பழுதுபார்ப்பில் பந்தை மாற்றிப் பார்ப்பவர்கள் குறைவு. மாற்றிப் பார்க்கலாம்.

இங்கே இன்னொரு விஷயம். ஆயிரம் பேர் கைபட்டு, வியர்வையும் உப்பும் எண்ணெயும் படிந்த பந்தின் மேற்பரப்பு ஓரளவு கடத்தும். அதை ஆல்கஹாலால் பளிச்சென்று துடைத்து, சிலிக்கோன் கலந்த பாலிஷ் போட்டால் அந்த உப்புப் படலம் போய்விடுகிறது. போதாததற்குக் கடத்தாப் படலம் ஒன்றும் ஏறிவிடுகிறது. சுத்தம் செய்த மறுநாள் குறி எகிறத் தொடங்கினால் அதில் மர்மம் எதுவும் இல்லை. சுத்தம் செய்ய வேண்டாம் என்பதல்ல. உருளைகளில் பட்டையாக ஒட்டும் அழுக்கு பந்தைத் தடுக்கும், அதை எடுக்கத்தான் வேண்டும். பந்துக்கு மெழுகு வேண்டாம்.

மூன்றாவது, உருளை. கவனம் மிகக் குறைவாகக் கிடைப்பதும், தொல்லையில் பெரும்பங்கு தருவதும் இதுவே. உருளை எஃகு, நல்ல கடத்தி. ஆனால் அது உட்கார்ந்திருப்பது பிளாஸ்டிக் கூட்டில். அதாவது எதனுடனும் தொடர்பில்லாமல் தனித்து நிற்கும் உலோகத் துண்டு. நிலைமின் பாதுகாப்பில் மிகவும் அஞ்ச வேண்டியது இந்த வகைத் துண்டுதான். கடத்தாப் பொருளில் உள்ள மின்னூட்டம் ஒரே நேரத்தில் மொத்தமாகப் பாயாது. தனித்த உலோகத்தில் சேர்ந்தது ஒரே பொறியில் மொத்தமாகப் பாய்ந்துவிடும். உருளையின் மின்தேக்குத்திறன் சில பிகோஃபாரட்தான். 5 பிகோஃபாரட், 5,000 வோல்ட் என்று வைத்தால் ஆற்றல் சுமார் 60 மைக்ரோஜூல், உடலில் உள்ளதோடு ஒப்பிட்டால் தூசு. இருந்தாலும் இந்தப் பொறி தோலின் தடையைக் கடந்து வருவதில்லை. உலோகத்திலிருந்து உலோகத்துக்கு நேராகப் பாய்வதால் மிகக் கூர்மையாக இருக்கும். பாய்கிற இடமோ ஒளி உணரியின் கால்கள். ஆடுபவருக்கு எதுவும் தெரியாது. அவர் உருட்ட உருட்ட, அடுத்தடுத்து நுண்பொறிகள் விழுந்துகொண்டே இருக்கும்.

உருளைக்கு எர்த் கொடுப்பது சொல்வதுபோல எளிதல்ல. கூட்டின் திருகு ஒன்றில் பச்சைக் கம்பியைக் கட்டிவிட்டு எர்த் கொடுத்தாயிற்று என்று நினைப்பவர்கள் உண்டு. அந்தத் திருகுக்கும் உருளைக்கும் நடுவே முழுக்க பிளாஸ்டிக். சரி, பேரிங்கின் வெளிவளையத்தில் கம்பி தொடும்படி வைத்தால்? பேரிங் நிற்கும்போது உள்வளையம், குண்டுகள், வெளிவளையம் எல்லாம் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கும், மல்டிமீட்டர் முள் பூஜ்யத்துக்குப் போகும். உருளை வேகமாகச் சுழலும்போது கிரீஸ் படலம் குண்டுகளைத் தூக்கிப் பிடிக்கிறது. சாதாரண கிரீஸ் கடத்தாது. தொடர்பு விட்டு விட்டு அறும். மின்னூட்டம் சேர்வதோ சுழலும்போது. அதாவது தேவையில்லாத நேரத்தில் எர்த் இருக்கும், தேவையான நேரத்தில் இருக்காது. பெரிய மின்மோட்டார்களில் பேரிங்குகள் பொறிபட்டு அரிப்பதும் இதே கிரீஸ் படலத்தால்தான். அங்கே தண்டின் மேல் கார்பன் பிரஷ் ஒன்றை உரசவிட்டு எர்த் செய்வார்கள். டிராக்பாலுக்கும் சரியான வழி அதுதான்: உருளையின் வெற்று முனையின் மையத்தில் மெல்லிய பித்தளைப் பட்டையோ மென்மையான செப்புப் பின்னலோ லேசாகத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். மையத்தில் தொட்டால் உராய்வு மிகக் குறைவு, பந்தின் ஓட்டம் கெடாது. கார்பன் கலந்த கடத்தும் கிரீஸைப் பேரிங்கில் போடுவது இரண்டாவது வழி. அது காலப்போக்கில் பிரிந்து போகிறது என்பதால் எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை.

பொறி பாய்ந்தால் ஆட்டத்தில் என்ன ஆகிறது என்பதையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அறிகுறியே எந்த வழியாகப் பாய்ந்தது என்று காட்டிக்கொடுக்கும். ஓர் அச்சின் இரண்டு சமிக்ஞைகளும் ஒழுங்கான வரிசையில் மாறும்: இரண்டும் அணைவு, ஒன்று எரிவு, இரண்டும் எரிவு, மற்றது மட்டும் எரிவு. இந்த வரிசை முழுவதையும் படிக்கும் சுற்றில், ஒரே கம்பியில் விழுந்த இரைச்சல் ஒரு படி முன்னே போய் ஒரு படி பின்னே வரும், கூட்டல் கழித்தலில் பூஜ்யம். முறையில் உள்ள இயற்கையான பாதுகாப்பு அது. பழைய பலகைகள் பலவற்றில் செலவு கருதி எளிய முறை ஒன்றைக் கையாண்டார்கள். ஒரு கம்பி எண்ணிக்கைக்கு, மற்றது திசைக்கு. எண்ணிக்கைக் கம்பியில் இரைச்சல் விழுந்தால் எத்தனை முறை விழுந்தாலும் ஒரே திசையில் கூட்டிக்கொண்டே போகும். குறி ஓர் அச்சில் மட்டும், ஒரே பக்கமாக நழுவுகிறது என்றால் அந்த அச்சின் உருளையைப் பார்க்க வேண்டும். இரண்டு அச்சுகளிலும் ஒரே நேரத்தில் எகிறினால், அல்லது ஆட்டமே அறுந்தால், பொதுக் கம்பியே குலுங்கியிருக்கிறது. செயலி தடம்புரண்டதும் காவல் சுற்று அதை மறுதொடக்கம் செய்வதுதான் ஆட்டம் பாதியில் முதல் திரைக்குப் போவதன் காரணம். அணைத்துப் போடும்வரை அசையாமல் கிடந்தால், சில்லுக்குள்ளே மின்னோட்டம் ஒரு பூட்டில் மாட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படியே நெடுநேரம் விட்டால் சில்லு சூடேறிச் செத்துவிடும்.

பொறியைச் சமிக்ஞையாக எடுத்துக்கொள்ளும் இந்தப் பலவீனம் டிராக்பாலுக்கு மட்டும் உரியதல்ல. காஸ் பற்றவைக்கும் பீசோ லைட்டரின் பொறியை நாணய வாயில் தட்டிக் காசில்லாமல் ஆட்டம் வாங்கிய சிறுவர்களின் கதை பல நாட்டு ஆர்கேட் கூடங்களிலும் உண்டு.

இப்போது பாதை. எர்த் கம்பி என்றால் தடை குறைந்த செம்பு, எவ்வளவு நீளமானாலும் பரவாயில்லை என்று நினைப்பது வழக்கம். வீட்டு மின்சாரத்துக்கு அது சரி. நிலைமின் பொறிக்குச் சரியல்ல. ஐ.இ.சி. 61000-4-2 என்ற சோதனைத் தரத்தின்படி 8,000 வோல்ட் தொடுபொறியின் முதல் முனை 30 ஆம்பியர், அது ஏறும் நேரம் ஒரு நானோ நொடிக்குள். அந்த வேகத்தில் கம்பியின் தடைக்கு மதிப்பில்லை, தூண்டம்தான் பேசும். கம்பியின் ஒவ்வொரு மில்லிமீட்டரும் ஏறக்குறைய ஒரு நானோஹென்றி. 30 சென்டிமீட்டர் கம்பியில் 30 ஆம்பியர் ஒரு நானோ நொடியில் ஏற முயன்றால், காகிதக் கணக்கில் அதன் இரு முனைகளுக்கும் நடுவே 9,000 வோல்ட் நிற்கும். நடைமுறையில் அவ்வளவு நிற்காது. காரணம், மின்னோட்டம் அந்தக் கம்பியில் போகாமல் பக்கத்தில் கிடைத்த வேறு வழியில் தாவிவிடும். அந்த வேறு வழி பெரும்பாலும் ஆறு கம்பிக் கட்டுதான். எனவே எர்த் பட்டை குட்டையாகவும் அகலமாகவும் இருக்க வேண்டும், சமிக்ஞைக் கட்டோடு சேர்த்துக் கட்டவே கூடாது. கம்பிகளை அழகாக ஒன்றாக வரிந்து கட்டும் பழக்கம் இங்கே கெடுதல் செய்கிறது.

இதைவிடப் பெரிய தவறு, தகட்டின் எர்த்தை அந்த ஆறு கம்பிகளில் உள்ள பொதுக் கம்பியிலேயே முறுக்கிவிடுவது. கையருகே இருக்கிறது, கறுப்பு நிறம், சுற்று வரைபடத்தில் எர்த் குறியும் போட்டிருக்கிறது, ஆகவே செய்கிறார்கள். அந்தக் கணத்திலிருந்து ஒவ்வொரு பொறியும் ஆட்டப் பலகையின் பொது முனை வழியாகவே வெளியேற வேண்டும். சமிக்ஞைகள் எல்லாம் எதை வைத்து அளக்கப்படுகின்றனவோ அதுவே சில நானோ நொடிகளுக்குத் துள்ளுகிறது. எர்த் கொடுத்த பிறகு தொல்லை கூடியது என்று சொல்பவர்கள் பொய் சொல்லவில்லை. சுற்றின் பொது முனை ஒன்று, பெட்டியின் உலோகங்களை இணைக்கும் சட்ட எர்த் ஒன்று, சுவர்ப் பிளக்கின் பாதுகாப்பு எர்த் ஒன்று. இந்த மூன்றும் மின்வழங்கியின் அருகே ஓரிடத்தில் சந்திக்கலாம், அதற்கு முன்னால் எங்கும் சந்திக்கக் கூடாது. பச்சைக் கம்பி தகட்டிலிருந்தும் உருளைப் பட்டையிலிருந்தும் கிளம்பி, நாணயக் கதவு உள்ளிட்ட மற்ற உலோகங்களின் எர்த்தோடு சேர்ந்து, நேராகப் பிளக்கின் எர்த் முனைக்குப் போக வேண்டும்.

பழைய இயந்திரங்களில் அந்தப் பிளக்கைச் சோதிக்காமல் வேறெதையும் தொடக் கூடாது என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். பல பத்தாண்டுகள் கைமாறி வந்த இயந்திரங்களில் எர்த் முள் ஒடிக்கப்பட்டதும், இரண்டு முள் பிளக் மாற்றப்பட்டதும் சாதாரணம். அக்காலப் படக்குழாய் மானிட்டர்கள் பலவற்றின் சட்டகமே மின்வழியோடு நேரடித் தொடர்புடையது. தனிமைப்படுத்தும் டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத்தான் அவற்றுக்கு மின்சாரம் கொடுப்பார்கள். அங்கே காப்பு ஏதாவது பழுதாகி, எர்த்தும் இல்லாமல், உலோகப் பலகையில் கை வைத்தால் அது நிலைமின்சார ஷாக்காக இருக்காது, உயிருக்கே ஆபத்து.

எர்த்துக்கு வெளியே உள்ள வழிகளில் சிலவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஈரப்பதத்தை 40, 50 சதவீதத்துக்கு ஏற்றுவது மூன்று சேமிப்பிடங்களையும் ஒருசேரத் தணிக்கும் ஒரே வழி, ஆனால் பெரிய கூடத்தில் செலவு பிடிக்கும். இயந்திரத்தின் முன்னால் நிலைமின் கடத்தும் விரிப்பு போட்டு அதற்கு எர்த் கொடுப்பது உடலுக்கு நல்லது, பந்துக்குப் பயனில்லை. நிலைமின் தடுப்புத் தெளிப்பான்கள் காற்றின் ஈரத்தைப் பற்றிக்கொண்டு வேலை செய்பவை; வறண்ட குளிர்காலத்தில், அதாவது தேவைப்படும் நேரத்தில், வலுவிழக்கும். கைகள் ஓயாமல் துடைத்துக்கொண்டே இருக்கும் பரப்பில் அவை எத்தனை நாள் தங்கும்? கார்பன் கலந்து ஓரளவு கடத்தும்படி பந்தையே வார்த்தால் மின்னூட்டம் சேரும் இடமே போய்விடும். ஆனால் அந்தப் பந்து கறுப்பாகத்தான் இருக்கும், ஒளி ஊடுருவாது. கிரிஸ்டல் காசில்ஸ் 1983இல் சிவப்பாக ஒளிரும் பந்தோடு வந்தது முதல், உள்ளிருந்து ஒளிரும் பந்துக்கு இருக்கும் ஈர்ப்பைப் பார்த்தால் அந்த மாற்றம் எளிதில் வராது.

மின்சுற்றுப் பக்கம் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது, செலவும் குறைவு. பந்தை எவ்வளவு வேகமாக உருட்டினாலும் அதன் பரப்பு நொடிக்கு மூன்று மீட்டர் ஓடும் என்று வைப்போம். 10 மில்லிமீட்டர் விட்டமுள்ள உருளை நொடிக்கு 100 சுற்று சுற்றும். வட்டில் 24 பிளவுகள் என்றால் நொடிக்கு 2,400 துடிப்புகள். ஒவ்வொன்றும் 400 மைக்ரோ நொடி நீளம். நிலைமின் பொறியோ ஒரு மைக்ரோ நொடிக்குள் பெரும்பாலும் முடிந்துவிடுகிறது. நூறு மடங்குக்கு மேல் வேறுபடும் இரண்டையும் பிரிப்பது எளிது: ஒவ்வொரு சமிக்ஞைக் கம்பியிலும் ஆயிரம் ஓம் தடை, அதன்பின் சிறு மின்தேக்கி, பலகையின் வாசலில் மிகையழுத்தத்தை வழித்துவிடும் டயோடு. இவற்றோடு முழு வரிசையையும் படித்து, வரிசையில் வரக்கூடாத தாவலை ஒதுக்கும் நிரலும் சேர்ந்தால் போதும். இன்றைய யு.எஸ்.பி. இடைமுகப் பலகைகளில் ஆட்டம் அறுவது குறைந்து, கணினி டிராக்பாலை மறந்துவிடும் புது அறிகுறி வந்திருக்கிறது. பொறி யு.எஸ்.பி. கேபிளின் உறை வழியாகப் போய் இணைப்பைத் துண்டிக்கிறது. அங்கும் கேள்வி பாதையைப் பற்றியதே. உறை கணினியின் உலோகப் பெட்டியில் சேர வேண்டும், பலகையின் பொது முனையில் அல்ல.

இந்த விவாதம் இப்போது மெதுவாக வீடுகளுக்கு நகர்ந்திருக்கிறது. பழைய ஆட்டங்களைக் கணினியில் ஓடச்செய்யும் மேம் நிரலுக்காக எம்.டி.எஃப். பலகையில் சொந்தமாகப் பெட்டி செய்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். ஆர்கேட்1அப் போன்ற சிற்றுருவ இயந்திரங்களும் 2018 முதல் விற்பனைக்கு வருகின்றன. இவை சிறிய டி.சி. அடாப்டரில் ஓடுபவை, இத்தகைய அடாப்டர்களில் பெரும்பாலானவற்றுக்கு எர்த் முள்ளே கிடையாது. பெட்டி மரம், பலகை அக்ரிலிக், பந்து பிசின். மின்னூட்டம் போக இடமில்லை. அடாப்டரின் உள்ளே மின்வழிக்கும் வெளியீட்டுக்கும் நடுவே ஒரு சிறு மின்தேக்கி இருப்பதால் வெளியீட்டின் பொது முனை, மின்வழி அழுத்தத்தில் ஏறக்குறைய பாதியில் மிதந்துகொண்டிருக்கும். மின்னோட்டம் மிகச் சிறியது, ஆபத்தில்லை, ஆனால் அதை எர்த் என்று எண்ணி உலோகத் தகட்டை இணைத்தால் தொடும்போதெல்லாம் லேசாக நமநமக்கும். அப்படிப்பட்ட பெட்டியில் இரண்டு வழிகள்தான் நேர்மையானவை. ஒன்று, கைபடும் இடத்தில் உலோகமே வைக்காமல், பந்தின் இடைவெளியிலிருந்து சுற்றுப்பலகை வரை பொறி தாண்ட முடியாத தொலைவு விடுவது. 15,000 வோல்ட்டுக்குக் காற்றில் 5 மில்லிமீட்டர் என்பது கணக்கு, தூசியும் கூர்முனையும் கருதி அதன் இரட்டிப்பை வைக்கலாம். மற்றது, உருளைகளுக்கும் தகட்டுக்கும் தனியாக ஒரு கம்பி இழுத்து, ஒரு மெகா ஓம் தடை வழியாக உண்மையான எர்த்தில் சேர்ப்பது. மின்னணுத் தொழிற்சாலைகளில் மணிக்கட்டுப் பட்டைக்குள் வைக்கும் அதே தடைதான். மின்னூட்டம் பொறியாகாமல் கசிந்து இறங்கும், பழுதான சாதனம் ஏதாவது கம்பிக்கு மின்சாரம் ஏற்றிவிட்டாலும் தொடுபவரைக் காக்கும். மின்வழி உள்ளே வரும் பழைய வகைப் பெட்டியில் இந்தத் தடையை வைக்கக் கூடாது. அங்கே உலோகப் பலகைக்கு நேரடி எர்த்தே வேண்டும்.

வேலை முடிந்ததும் சோதிப்பதற்கு விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டியதில்லை. இயந்திரத்தின் பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பிளக்கின் எர்த் முள்ளில் வைத்து, மறுமுனையால் முதலில் தகட்டைத் தொட வேண்டும். ஓர் ஓமுக்கும் கீழே காட்டினால் அந்தப் பக்கம் சரி. அடுத்து மூடியைத் திறந்து உருளையைத் தொட வேண்டும், ஆனால் நிறுத்தி வைத்து அல்ல. இன்னொருவர் விரலால் அதைச் சுண்டிச் சுழற்றும்போது எண் நிலையாக நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். பித்தளைப் பட்டை சரியாக உட்கார்ந்திருந்தால் நிற்கும். பேரிங்கை மட்டும் நம்பியிருந்தால் சுழலத் தொடங்கியதும் எண் ஆடும், அறுந்து போகும், உருளை ஓய்ந்ததும் மீண்டும் வந்து நிற்கும்.